ஜப்பான் ஃபிட்டருக்குக் கைதட்டல், நம் வீட்டு ஃபிட்டருக்குக் கேலியா?



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாடு முடித்துவிட்டுப் படியுங்கள். 'சார் கோபமா எழுதியிருக்காரே' என்று தோன்றினால் தப்பில்லை. கோபமாகத்தான் இருக்கிறேன்.

விஷயம் இதுதான். 2025 டிசம்பர் 5-ஆம் தேதி டொயோட்டா கம்பெனி ஜப்பானில் ஒரு புது ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகம் செய்தது. பெயர் ஜிஆர் ஜிடி. இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். முன்பக்கம் 4 லிட்டர் வி8 இன்ஜின், இரண்டு டர்போ, கூடவே ஒரு மின்மோட்டார். எல்லாம் சேர்ந்து 650 குதிரைத்திறனுக்குக் குறையக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. விற்பனைக்கு வர 2027 வாக்கில் ஆகும்.

அன்று இரவு நம் வாட்ஸ்அப் குழுவில் திருவிழாதான். துபாயில் இருப்பவன், ஓசூரில் இருப்பவன், இங்கே சாகுபுரத்தில் இரண்டாவது ஷிப்ட் முடித்து வந்தவன் என்று ஒருவரும் தூங்கவில்லை. '650 குதிரை சார், நம்ம ஊர் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு மொத்தமாவே இத்தனை மாடு வராது' என்று ஒருவன் எழுதியதைப் படித்து நானும் சிரித்தேன். இன்ஜின் சத்தத்தைப் பத்துத் தடவை போட்டுக் கேட்டதாக இன்னொருவன் சொன்னான். சொந்தக்காரர்கள் குழுவில் வழக்கமான கேள்விகள். 'மைலேஜ் என்ன கொடுக்கும் மாமா?' 'அந்தக் காசுக்குத் திருச்செந்தூர் ரோட்டுல ரெண்டு காம்ப்ளக்ஸ் கட்டிரலாமே.' 'நம்ம ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டிரும்.'

இதிலெல்லாம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 'வாங்க வக்கில்லாத காரைப் பற்றி இவனுகளுக்கு என்ன பேச்சு' என்று சில பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களோடு நான் சேர மாட்டேன். வாங்க முடியாது என்பதற்காக நிலாவைப் பார்க்காமல் இருக்கிறோமா? 36 வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். ஒரு நல்ல இயந்திரத்தைப் பார்த்து வாய் பிளக்கிற பையன்தான் 'இது எப்படி சார் ஓடுது?' என்ற அடுத்த கேள்விக்கு வருவான். அந்த ஆச்சரியம் நல்லது. அது இருக்கட்டும்.

என் கோபம் வேறு. அதே குழுவில், அதே வாரத்தில், இன்னொரு செய்தி வந்தது. நம் பள்ளியில் படித்த ஒரு பெண் எழுதியிருந்தாள். 'என் மகன் இப்போ பத்தாவது. முடிச்சதும் ஐடிஐயில ஃபிட்டர் சேரணும்னு சொல்றான். எது நல்ல ஐடிஐ, எப்படி விண்ணப்பிக்கணும்னு யாராவது சொல்லுங்களேன்.' இவ்வளவுதான்.

வந்த பதில்களைக் கேளுங்கள். 'ஏன்க்கா, மார்க் ரொம்பக் கம்மியா?' 'ஐடிஐயா? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?' 'எங்கயாவது ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல தள்ளிவிடுங்க, டிகிரின்னு ஒண்ணு இருக்கும்ல.' ஒருவன் ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவும் போட்ட கேலிப்படம் ஒன்றை அனுப்பினான். அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்கள் பதினொரு பேர். எண்ணிப் பார்த்தேன்.

அரை மணி நேரத்தில் அந்தப் பெண் தன் செய்தியை அழித்துவிட்டாள். அதற்கு அடுத்ததாக வந்தது என்ன? மறுபடியும் ஜிஆர் ஜிடி படம். 'ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்யா' என்று ஒரு வரி.

அந்த வரியைப் படித்தபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளைகளே, நீங்கள் கொண்டாடும் அந்தக் காரைப் பற்றி அதைச் செய்தவர்களே என்ன சொல்கிறார்கள் என்று படித்தீர்களா? டொயோட்டா இதை 'ஷிகினென் செங்கு' என்ற பெயரோடு சேர்த்துப் பேசுகிறது. ஜப்பானில் இசே என்ற ஊரில் ஒரு பழைய கோயில் இருக்கிறது. 20 வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பக்கத்து மனையில் புது மரத்தில் அச்சு அசலாக மறுபடி கட்டி, பழையதைப் பிரித்துவிடுவார்கள். கடைசியாக 2013-இல் கட்டினார்கள். அடுத்தது 2033-இல். பழைய கோயில் விழுந்துவிடும் என்ற பயத்தினால் மட்டும் செய்கிற வேலை இல்லை இது. 20 வருஷம் என்பது ஒரு கணக்கு. இந்தத் தடவை எடுபிடியாக நிற்கும் இளைஞன் அடுத்த தடவை கொத்தனாரின் நிலையில், மேஸ்திரியின் நிலையில் நிற்பான். வித்தை ஒரு தலைமுறையின் கையிலிருந்து அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்விடும்.

டொயோட்டா சொல்வது இதுதான்: 1967-இல் விற்பனைக்கு வந்த 2000ஜிடி ஒன்று, 2010 முதல் 2012 வரை 500 கார் மட்டும் செய்த லெக்ஸஸ் எல்எஃப்ஏ இன்னொன்று, இப்போது இந்த ஜிஆர் ஜிடி. கார் செய்யும் வித்தை மூத்தவர்களோடு போய்விடக் கூடாது, சின்னவர்களுக்குக் கைமாற வேண்டும் என்பதற்காகவும் இந்தக் காரைச் செய்கிறோம் என்கிறார்கள். நம் குழுவில் வந்த அத்தனை செய்திகளிலும் குதிரைத்திறன் இருந்தது, விலை இருந்தது, கலர் இருந்தது. இந்தச் செய்தியை ஒருவர்கூட எழுதவில்லை. 'சின்னவன் கையில் வித்தை' என்று ஜப்பான்காரன் சொன்னால் அது கண்ணில் படவில்லை. நம் பையன் ஒருவன் அதையே கேட்டால் கிரீஸ் டப்பா படம்.

இது புதிதும் இல்லை. 2016 ஞாபகம் இருக்கிறதா? நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து, நாம் எல்லாரும் ஏடிஎம் வாசலில் வரிசையில் நின்ற நேரம். டிசம்பர் 2-ஆம் தேதி நிஸான் தன் ஜிடி-ஆர் காரை இந்தியாவில் இறக்கியது. டெல்லி ஷோரூம் விலை 1 கோடியே 99 லட்சம் ரூபாய். 3.8 லிட்டர் வி6 இன்ஜின், 570 குதிரைத்திறன். நாடு முழுக்க கார்ப் பைத்தியங்களுக்குக் கொண்டாட்டம். அன்றைக்கும் பேச்சு இதேதான். 'ரெண்டு கோடிக்கு நிஸானா? அதுக்குப் போர்ஷே வாங்கிரலாமே' என்று ஒரு கட்சி. 'போர்ஷேயையே முந்துற வண்டிடா இது' என்று இன்னொரு கட்சி. முழுதாகக் கட்டி இறக்குமதி செய்யும் அந்த மாதிரிக் காருக்கு 100 சதவீதம் சுங்க வரி, அதனால்தான் இந்த விலை என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையை ஜிடி-ஆர் நிஸ்மோ 2013-இல் 7 நிமிஷம் 8 நொடியில் சுற்றியதை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் திணறிய பையன்கள் இவர்கள். சந்தோஷம்தான்.

ஆனால் அந்த இன்ஜினின் மேல் ஒரு சின்ன உலோகத் தகடு இருந்ததே, அதைப் பற்றி யார் பேசினார்கள்?

நிஸானின் யோகோஹாமா ஆலையில் தூசி புகாத ஓர் அறை. அங்கே ஒரு இன்ஜினை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஆள் தன் கையால் கோர்ப்பார். அவர்களுக்கு 'டகுமி' என்று பெயர். கைதேர்ந்தவர் என்று பொருள். வேலை முடிந்ததும் அவர் பெயர் பொறித்த தகடு அந்த இன்ஜினில் ஏறும். 2007-இல் வந்த அந்த மாடல் 18 வருஷம் ஓடி, 2025 ஆகஸ்டில் தோச்சிகி ஆலையில் கடைசி வண்டியோடு நின்றது. மொத்தம் சுமார் 48,000 கார்கள். அவற்றின் இன்ஜின்களில் பலவற்றைக் கோர்த்தது வெறும் 9 பேர் கொண்ட ஒரு குழு என்று நிஸானே சொல்கிறது. கோடீஸ்வரன் வாங்கும் காரில், அவன் பானட்டைத் திறக்கும்போதெல்லாம், ஒரு ஃபிட்டரின் பெயர் அவனைப் பார்க்கிறது.

ரோபோ வைத்திருக்கிற கம்பெனி ஏன் கையால் செய்ய வேண்டும்? இயற்பியல் வாத்தியார் என்பதால் இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இன்ஜினுக்குள்ளே பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலான இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். அது கூடினால் வாயு கசிந்து திறன் போகும். குறைந்தால் சூட்டில் உலோகம் விரிந்து சிக்கிக்கொள்ளும். அந்த ஜிடி-ஆர் இன்ஜினில் சிலிண்டருக்கு வழக்கமான வார்ப்பிரும்பு உறை கிடையாது. உருக்கிய இரும்பைப் பிளாஸ்மாவால் தெளித்து, 0.15 மில்லிமீட்டர் பூச்சாகப் படிய வைத்திருந்தார்கள். எடை குறையும், சூடு சீக்கிரம் வெளியேறும். ஒரே வரைபடத்தில் செய்த பத்துப் பிஸ்டன்களை அளந்தாலும் கடைசி இலக்கத்தில் ஒன்றுக்கொன்று மாறும். எது எதோடு சேரும், போல்ட்டை எவ்வளவு இறுக்கினால் போதும், வால்வு இடைவெளி சரிதானா என்று அளந்து, தொட்டு, முடிவு செய்ய ஒரு ஆள் வேண்டும். அளவுகோல் எண்ணைத்தான் சொல்லும். அந்த எண் போதுமா போதாதா என்று சொல்லப் பல வருஷம் பழகிய கை வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள்.

சாகுபுரத்தில் இருக்கிற நமக்குக் காஸ்டிக் சோடா என்றால் என்னவென்று பாடப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் சோடா, இன்னொரு பக்கம் குளோரின். உலகத்தில் எந்த ஊரில் இந்தத் தொழில் நடந்தாலும், குளோரின் குழாயின் இணைப்பில் கேஸ்கெட்டை வைத்து, நான்கு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காகச் சமமாக இறுக்கிவிட்டுப் போகிற ஒரு ஃபிட்டர் இருக்கிறார். அவர் கை சரியாக இருக்கிற வரைக்கும்தான் சுற்றியுள்ள ஊர் நிம்மதியாகத் தூங்கும். உங்களில் பாதிப் பேரைப் படிக்க வைத்தது அப்படிப்பட்ட கைதான். அப்பா ஷிப்டுக்குப் போனார், நீங்கள் டிகிரி வாங்கினீர்கள். இன்றைக்கு 'ஃபிட்டரா?' என்று சிரிப்புக் குறி போடுகிறீர்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

தூத்துக்குடியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளைப் பார்த்திருப்பீர்கள். கணினி வரைபடம் எதுவும் இல்லாமல், கண்ணையும் கயிற்றையும் வைத்தே அந்த வளைவை மரத்தில் கொண்டுவந்தவர்கள் நம் ஓடாவிகள். அந்த ஓடாவிகளில் எத்தனை பேர் பெயர் உங்களுக்குத் தெரியும்? நம் கடல் முத்துக்குப் பேர்போனது. கொற்கை முத்து ரோமாபுரி வரைக்கும் போனது என்று மேடையில் பேசுகிறோம். 1960களின் தொடக்கத்தோடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. எந்த ராணி அணிந்தாள் என்று சொல்லும் கதைகள் இருக்கின்றன. கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்கியவன் பெயர் சொல்லும் கதை எங்கே? பொருளுக்குப் பெயர் உண்டு, விலை உண்டு. செய்தவனுக்கு, எடுத்தவனுக்குப் பெயர் கிடையாது. இதுதான் நம் பழக்கம்.

வருஷத்தில் ஒரு நாள், ஆயுதபூஜை அன்று, ஸ்பேனருக்கும் லேத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். மறுநாள் அந்த ஸ்பேனரைப் பிடித்தவனை 'ஏய், இங்க வா' என்கிறோம். கவனித்துப் பாருங்கள். பல் பிடுங்குகிறவர் 'டாக்டர் சார்'. கணக்கு எழுதுகிறவர் 'ஆடிட்டர் சார்'. நாற்பது வயது மெக்கானிக்கை இருபது வயதுப் பையன் 'மெக்கானிக், வண்டிய பாரு' என்று ஒருமையில் கூப்பிடுகிறான். அதே பையன் யோகோஹாமா டகுமியின் படத்தை 'மரியாதை' என்று தலைப்புப் போட்டுப் பகிர்கிறான். இந்த மரியாதைக்குப் பாஸ்போர்ட் வேண்டும்போல.

இனி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

'சார், இது குலக்கல்விப் பேச்சு மாதிரி இருக்கே.' இது நியாயமான சந்தேகம். இந்தத் தமிழ்நாட்டில் கைத்தொழிலைப் புகழ்ந்து பேசும் யாரையும் இந்தக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றார்கள். அப்பன் செய்ததையே மகனும் செய் என்பதுதான் அதன் அர்த்தம் என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதலமைச்சராக வந்ததும் அது போயிற்று. போனது நல்லது. நம் வீடுகளில் முதல் தலைமுறையாகப் படித்தவர்கள் மேலே வந்தது அதனால்தான்.

ஆனால் நான் சொல்வது அதற்கு நேர் எதிர். உப்பளத்துக்காரர் மகன் உப்பளத்துக்கே போகட்டும் என்று நான் சொல்லவில்லை. உப்பளத்துக்காரர் மகள் டாக்டராகட்டும். டாக்டர் மகன் ஆசைப்பட்டால் ஃபிட்டராகட்டும் என்கிறேன். டகுமி ஆக யாருக்குப் பிறந்தாய் என்று கேட்பதில்லை, கை என்ன சொல்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். பிறப்பை வைத்துத் தொழிலைக் கொடுத்தது ஒரு கொடுமை. அந்தக் கொடுமையின் மிச்சம்தான் இந்தக் கூச்சம். கையில் அழுக்குப் படுகிறவன் கீழே, படாதவன் மேலே என்ற பழைய கணக்கு நம் மண்டையில் அப்படியே இருக்கிறது. டிகிரி வாங்கியும் அது போகவில்லை. குலக்கல்வியை எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் குலக்கேலியைத் தொடரலாமா?

'பெயர்ப்பலகை சோறு போடுமா சார்? சம்பளம் என்ன?' இதுவும் நியாயம். ஐடிஐ முடித்த பையன்களை அப்ரண்டிஸ், ட்ரெய்னி, கான்ட்ராக்ட் என்று பெயர் மாற்றி மாற்றி, நிரந்தரமாக்காமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிற இடங்கள் உண்டு. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஜப்பானும் சொர்க்கம் இல்லை. அந்தத் தகடு போட்ட நிஸானே 2025 மே மாதம், உலகம் முழுக்க 20,000 வேலைகளைக் குறைக்கப் போவதாகவும் 17 ஆலைகளை 10 ஆக்கப் போவதாகவும் அறிவித்தது. 1961 முதல் ஓடும் ஒப்பாமா ஆலையில் கார் செய்வதை நிறுத்தப் போகிறார்கள். நம் ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த பங்கையும் ரெனோவுக்கே கொடுத்துவிட முடிவு செய்தது அதே வருஷம்தான். ஆகவே, தகடு மட்டும் போதாது. சம்பளமும் வேண்டும், நிரந்தரமும் வேண்டும்.

அதற்கு என்ன செய்ய வேண்டும்? சம்பளம் குறைவு என்றால் சம்பளத்தைக் கேட்க வேண்டும். வேலையைக் கேவலம் என்று சொன்னால், குறைந்த சம்பளம் கொடுப்பவனுக்கு நாமே நியாயம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். கேவலமான வேலைக்கு எதற்கு நல்ல சம்பளம் என்பான்.

நம் வ.உ.சி.யைப் பாருங்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தார். அன்றைக்கு அது இந்த ஸ்போர்ட்ஸ் காரைவிடப் பெரிய அதிசயம். தூத்துக்குடியே அதைப் பார்த்துப் பெருமைப்பட்டது. ஆனால் அவர் கப்பலோடு நிற்கவில்லை. 1908-இல் கோரல் மில் தொழிலாளர்கள் சம்பளமும் ஓய்வுநாளும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து அவர்கள் பக்கம் நின்றார். இயந்திரத்தின் மேல் உள்ள காதலும் அதை ஓட்டுகிறவன் மேல் உள்ள மரியாதையும் ஒரே மனுஷனிடம் இருக்க முடியும் என்பதற்கு, ஜப்பான் வரைக்கும் போக வேண்டியதில்லை.

'டிகிரி இல்லாவிட்டால் யார் பெண் கொடுப்பார்கள்?' இதற்குப் பதில் நீங்கள்தான். பெண் கொடுக்க வேண்டியவர்களும் இதே குழுவில்தான் இருக்கிறீர்கள். ஊர் என்ன சொல்லும் என்று கேட்கிறீர்களே, அந்த ஊர் யார்? சிரிப்புக் குறி போட்ட பதினொரு பேர்தானே? நீங்கள் மாறினால் ஊர் மாறும். சும்மா ஒரு டிகிரியை வாங்கி வைத்துக்கொண்டு, படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லாமல், அதையும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கும் பிள்ளைகள் நம் சொந்தத்திலேயே எத்தனை பேர்? பெயர் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

டிகிரி வேண்டாம் என்று யாரும் என் பேரில் கிளப்பிவிட வேண்டாம். படிக்க ஆசைப்படும் பிள்ளை படிக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கட்டும். கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அவரே 1945-இல் பாலிடெக்னிக் தொடங்க முன்வந்தார். கை வித்தைக்கும் படிப்பு வேண்டும், படிப்புக்கும் கை வேண்டும் என்பதுதான் அதன் பாடம். பெரிய கம்பெனிகளில் இன்ஜினியராக இருக்கிற என் மாணவர்கள் பலர் இதை ஒத்துக்கொள்வார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் உங்களைக் காப்பாற்றியது யார்? வரைபடத்தைப் பார்த்ததும் 'இது நடக்காது தம்பி' என்று சொன்ன ஒரு பழைய ஃபோர்மேன்தானே?

இப்போது அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அம்மா, தூத்துக்குடி கோரம்பள்ளத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. ஃபிட்டர் இரண்டு வருஷப் படிப்பு. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய் செலவில், டாடா டெக்னாலஜிஸ் துணையோடு நவீனப்படுத்தியிருக்கிறார்கள். ரோபோ, கணினி இயக்கும் லேத் என்று நாங்கள் படித்த காலத்தில் கனவிலும் பார்க்காத இயந்திரங்கள். ஐடிஐ முடித்தபின் மேலே படிக்க வழி அடைபடாது. பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம், அங்கிருந்து பி.இ. போகலாம். மொழிப்பாடத் தேர்வு எழுதினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும் கிடைக்கும். முதலில் மகனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஒர்க்‌ஷாப்பைக் காட்டுங்கள். அவன் கண்ணைப் பாருங்கள். பிறகு முடிவு எடுங்கள்.

அவன் வேலைக்கு ஒரகடம் வரை போக வேண்டும் என்றுகூட இல்லை. 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி நம் மாவட்டத்திலேயே, சில்லாநத்தம் சிப்காட்டில், வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்துவிட்டது. தொடக்கத்தில் வருஷத்துக்கு 50,000 கார்கள் செய்யும் அளவு. ஜிடி-ஆர் நின்ற அதே மாதம் நம் ஊரில் கார் ஆலை வந்தது. இதைப் பற்றி நம் குழுவில் வந்த பேச்சு என்ன தெரியுமா? 'பக்கத்துல நிலம் என்ன விலை போகும்?' அந்த ஆலைக்குள் நம் பையன்கள் யார், எந்த வேலையில், என்ன சம்பளத்தில், எத்தனை வருஷ நிரந்தரத்தில் நிற்கப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆலை வந்துவிட்டது. கைவித்தை தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லையென்றால் வெளியிலிருந்து வருவார்கள். நம் பிள்ளைகள் வாசலில் செக்யூரிட்டியாக நிற்பார்கள். காவல் வேலையும் மரியாதையான வேலைதான், ஆனால் அந்தப் பையன் கேட்டது அது இல்லையே.

ஆகவே என் மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் தருகிறேன். ஓய்வு பெற்றாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஒன்று. அந்தப் பெண்ணிடம் பதினொரு பேரும் தனித்தனியாகப் பேச வேண்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்த நல்ல ஃபிட்டர் ஒருவருடைய போன் நம்பரை, அவரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பையனுக்குக் கொடுங்கள். அதுவே போதும்.

இரண்டு. அடுத்த தடவை வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும்போது மெக்கானிக்கின் பெயரைக் கேளுங்கள். வயதில் மூத்தவர் என்றால் அண்ணே என்று சொல்லுங்கள், 'வாங்க, போங்க' என்று பேசுங்கள். உடன் இருக்கும் உங்கள் பிள்ளை அதைக் கேட்கட்டும்.

மூன்று. ஆலைகளில் அதிகாரிகளாக, எச்.ஆர். பதவிகளில் இருக்கிறவர்களே, உங்களில் மூன்று நான்கு பேர் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். நல்ல ஃபிட்டரை நிரந்தரமாக்கும் கோப்பு உங்கள் மேஜைக்கு வரும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள். டகுமி படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதைவிட அந்தக் கையெழுத்துப் பெரிய மரியாதை.

ஜிஆர் ஜிடி படங்களைத் தாராளமாக அனுப்புங்கள். நானும் பார்ப்பேன். அந்த வி8 எப்படி ஓடுகிறது என்று கேட்டால் இரவு பன்னிரண்டு மணியானாலும் விளக்குவேன். ஆனால் ஒரு நிபந்தனை. கார் படத்துக்குப் போடும் கைதட்டலில் பாதியையாவது, கார் செய்ய ஆசைப்படும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் போட வேண்டும். அது முடியாது என்றால் அந்தப் படத்தையும் அனுப்பாதீர்கள்.

மறுப்பு இருக்கிறவர்கள் கீழே எழுதுங்கள். நீளமாக எழுதினாலும் படிப்பேன். சிரிப்புக் குறி மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வேன். வருகைப்பதிவு எடுத்த கை இது.